ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஓர் அலுவலர்

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் நடுவண் அரசு வேலையில் இருக்கும் ஒருவர், ஐம்பதை நெருங்குகிற வயதில், திங்கட்கிழமை காலை தன் அலுவலக மேசைக்குப் போகாமல் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறார். வகுப்பு என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு வெண்பலகை. இப்போது பலருக்கு அதுவும் இல்லை; வீட்டு மடிக்கணினித் திரையில் ஆசிரியரின் முகம் மட்டும். பக்கத்தில் வேறு மாணவர் யாரும் கிடையாது. மாலை வரை இதுதான் அவருக்கு வேலை. வாரத்தில் ஐந்து நாள். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒன்பது மாதம், சிலருக்கு ஓர் ஆண்டு. சம்பளம் முழுதாக வந்துகொண்டிருக்கிறது. அவர் விட்டுவந்த வேலையை வேறொருவர் பார்க்கிறார், அல்லது அது யாரும் பார்க்காமல் கிடக்கிறது.

முழுநேரத் தனிப் பயிற்சி என்று இதற்குப் பெயர். ஆசிரியருக்குக் கட்டணம், மாணவருக்குச் சம்பளம், அவர் இடத்தை நிரப்புபவருக்கு இன்னொரு சம்பளம் என்று மூன்று மடிப்பாகப் பணம் போகிறது. அரசு ஊழியருக்கு மொழி கற்பிக்க இருக்கும் வழிகளில் இதைவிட அதிகச் செலவு பிடிப்பதை நான் அறியேன். இந்தச் செலவு தகுமா? தகும் என்பவர்களும் தகாது என்பவர்களும் அறுபது ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இரு தரப்பும் பெரும்பாலும் தவறான தராசைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகின்றன என்பது என் எண்ணம். தராசைச் சரிசெய்ய, இந்த ஏற்பாடு எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் கனடா அரசு அலுவலகங்களின் வேலைமொழி நடைமுறையில் ஆங்கிலம்தான். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்திலிருந்து ஒட்டாவாவுக்கு வேலைக்கு வந்த பிரெஞ்சுக்காரர் காலையில் தன் மொழியை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போனார். 1963இல் லோராந்தோ, டன்டன் என்ற இருவரின் தலைமையில் இருமொழி, இருபண்பாட்டு ஆணைக்குழு அமைந்தது. மறு ஆண்டே அரசு ஊழியருக்கான மொழி வகுப்புகள் தொடங்கின. 1966 ஏப்ரலில் பிரதமர் லெஸ்டர் பியர்சன் நாடாளுமன்றத்தில் அரசுப் பணியின் இருமொழிக் கொள்கையை அறிவித்தார். 1969இல் ஆட்சிமொழிகள் சட்டம். 1988இல் அதை முழுவதுமாக மாற்றி எழுதியபோது, குறிப்பிட்ட பகுதிகளில் அரசு ஊழியர் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டில் தமக்கு விருப்பமான மொழியில் வேலை செய்யும் உரிமை சட்டத்திலேயே இடம்பெற்றது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. உரிமை கீழே இருப்பவருக்கு. கடமை மேலே இருப்பவருக்கு. கீழ்நிலை எழுத்தர் தன் குறிப்பைப் பிரெஞ்சில் எழுதலாம் என்றால், அவருடைய மேலாளருக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆக, பயிற்சி பெறுபவர் அதன் முதல் பயனாளி ஆகமாட்டார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரரும், கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் குடிமக்களும்தான் பயனாளிகள். பயிற்சி முடித்து எத்தனை பேர் தேறினார்கள் என்று கணக்கெடுப்பது மருந்துக்கடையில் எத்தனை புட்டி விற்றது என்று எண்ணுவதைப் போன்றது. நோயாளி எழுந்து நடந்தாரா என்பதுதான் கேள்வி.

இந்த அளவுகோலோடு ஏற்பாட்டைப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் 'முழுநேரம்'.

முழுநேரப் பயிற்சிக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படுவது, வாரத்துக்கு மூன்று மணி நேரம் மாலை வகுப்பு வைத்தால் போதாதா, வேலையும் கெடாதே என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த யோசனை நிற்காது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு எந்த மொழி எவ்வளவு கடினம் என்று பல பத்தாண்டு அனுபவத்தில் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. வேலைக்கு உதவும் தரத்தில் பேசவும் படிக்கவும் பிரெஞ்சுக்குச் சுமார் 30 வாரம், 750 வகுப்பு மணி. தமிழுக்கு 44 வாரம், 1100 மணி. சீனம், அரபு, ஜப்பான், கொரிய மொழிகளுக்கு 88 வாரம், 2200 மணி. (தமிழ் நடுவில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சின்ன நிறைவு உண்டு.) அங்கே படிப்பவர்கள் மொழித்திறன் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட தூதரக அலுவலர்கள் என்பதையும், அங்குள்ள தரநிலையும் கனடாவின் தரநிலையும் ஒன்றல்ல என்பதையும் ஒதுக்கிவைத்து, 750 என்பதைக் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்று மணி, ஆண்டுக்கு 45 வாரம் என்றால் ஆண்டுக்கு 135 மணி. ஐந்தரை ஆண்டு ஆகும். அதற்குள் படித்ததில் பாதி மறந்திருக்கும். ஆளும் வேறு பதவிக்குப் போயிருப்பார். நாளைக்கு ஆறு மணி என்றால் 25 வாரத்தில் முடிகிறது.

இதற்குக் கனடாவிலேயே நல்ல சான்று உண்டு. கியூபெக்கில் பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பில் ஐந்து மாதம் அநேகமாக ஆங்கிலம் மட்டுமே கற்பிக்கும் செறிவு வகுப்புகளைப் பாட்சி லைட்பவுன், நினா ஸ்பாடா என்ற இரு ஆய்வாளர்கள் 1980களிலிருந்து ஆராய்ந்தார்கள். பல ஆண்டுகளுக்குத் துளித்துளியாகப் பிரித்துக் கொடுப்பதைவிட ஒரே இடத்தில் குவித்துக் கொடுத்தால் பேச்சு நன்றாக வருகிறது என்பது அந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்த முடிவு. பெரியவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது; ஆனால் அதற்கு எதிரான வலுவான சான்று எதையும் நான் பார்க்கவில்லை. 'முழுநேரம்' என்ற சொல்லுக்கு என் தீர்ப்பு தெளிவானது. அது தேவை. அதில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் மொத்தப் பணத்தையும் வீணாக்குகிறார்கள்.

'தனி' என்ற சொல்லுக்கு வரும்போது இவ்வளவு உறுதியாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

தனிப் பயிற்சியை ஆதரிப்பவர்களுக்கு ஒரு வலுவான கணக்கு இருக்கிறது. எட்டுப் பேர் வகுப்பில் ஆறு மணி நேரம், அதாவது 360 நிமிடம். அதில் பாதியை ஆசிரியர் பேசுகிறார் என்று வைத்தால் மீதி 180 நிமிடம். எட்டால் வகுத்தால் ஆளுக்கு 22 நிமிடம் சொச்சம். தனியாக இருந்தால் 180 நிமிடமும் அவருக்கே. பேசிப் பேசித்தான் பேச்சு வரும் என்றால் இந்த வித்தியாசத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. இன்னொன்று, சுங்கத்துறை அலுவலருக்கும் மீன்வளத்துறை விஞ்ஞானிக்கும் வேண்டிய பிரெஞ்சு ஒன்றல்ல. தனி ஆசிரியர் அவரவர் கோப்பை எடுத்து வைத்தே கற்பிக்கலாம்.

கூடவே கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூமின் பெயரையும் இழுப்பார்கள். 1984இல் அவர் எழுதிய கட்டுரை, தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர் வகுப்பில் கற்ற மாணவரில் மிகப் பெரும்பாலோரைவிட மேலே வந்தார் என்று சொன்னது. கல்வித்துறையில் அதை மேற்கோள் காட்டாதவர் குறைவு. ஆனால் அந்தச் சோதனைகள் நடந்தது பள்ளிப் பிள்ளைகளிடம், சில வாரப் பாடங்களில், மொழி அல்லாத விஷயங்களில். பிறகு வந்த ஆய்வுகளில் தனிப்பயிற்சியின் பலன் உண்மைதான் என்றாலும் புளூம் சொன்ன அளவுக்குப் பெரிதாக இல்லை. நாற்பத்தெட்டு வயது நிர்வாக அலுவலரின் பிரெஞ்சுக்கு அதைச் சான்றாகக் கொண்டுவருவது அளவு மீறிய துணிச்சல்.

எதிர்ப்பக்கத்துக் குறையை எனக்குப் புரியவைத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. பதினாலு வயதில் கனடா வந்தவர், நடுவண் அரசின் ஒரு துறையில் நடுத்தர அலுவலர். எட்டு மாதம் தனிப் பயிற்சிக்குப் போனார். மூன்றாம் மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் சந்தித்தபோது, பிரெஞ்சு எப்படி என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, ஒருத்தரோட மட்டும் நாள் முழுக்கக் கதைச்சா அவர் என்ர பிழையளுக்குப் பழகிப்போறார். நான் பாதி சொல்லேக்கையே மிச்சம் அவருக்கு விளங்கியிடும். பிறகு மாதிரிச் சோதினையில புதுசா ஒரு குரல் கேட்டவுடன எனக்கு நாக்கு எழும்பேல்லை."

இதைவிடச் சரியாக இந்தக் குறையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவரோடு மட்டும் பழகும் பேச்சு, அந்த இருவருக்கிடையே மட்டும் செல்லுபடியாகும் நாணயமாகிவிடுகிறது. கூட்டத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது இடையில் புகுவது, மொன்றியல்காரரின் வேகத்தையும் நியூ பிரன்ஸ்விக்காரரின் உச்சரிப்பையும் பிடிப்பது, சொல் வராதபோது சுற்றிவளைத்துச் சமாளிப்பது, இவை எதுவும் அந்த அறைக்குள் நடப்பதில்லை. நாளுக்கு ஆறு மணி நேரம் ஓயாமல் கவனிக்கப்படுவதன் களைப்பு வேறு. வகுப்பில் பக்கத்து ஆள் திக்கித் திணறும் இரண்டு நிமிடம் நமக்கு மூச்சு விடும் நேரம். அவருடைய பிழையிலிருந்து நாம் கற்கிறோம். நம்மைப் போலவே அவரும் தடுமாறுகிறார் என்ற தைரியமும் வருகிறது. தனி அறையில் தடுமாறுவது நாம் ஒருவர் மட்டுமே.

ஆகவே தனிப் பயிற்சி தொடக்கத்திலும் நடுவிலும் வேகம் கொடுக்கும். கடைசியில் அதுவே ஆளை அடைத்துவைக்கும் கூடாகிவிடும். அளவோடு கொடுத்தால் நல்லது. தொடக்கம் முதல் முடிவு வரை அதுவே என்றால் தவறு.

மூன்றாவது, தேர்வு. என் கவலையில் பெரும்பங்கு இங்கேதான்.

கனடா அரசுப் பணியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பதவிகள் இருமொழிப் பதவிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துத் தகுதிக் குறியீடு உண்டு: முதல் எழுத்து வாசிப்புக்கு, இரண்டாவது எழுதுவதற்கு, மூன்றாவது பேச்சுக்கு. ஏ தொடக்கநிலை, பி நடுநிலை, சி உயர்நிலை. இருமொழிப் பகுதிகளில் உயர் நிர்வாகிகளுக்கு 'சி பி சி' வேண்டும். 2025 ஜூன் முதல் அப்பகுதிகளில் மேற்பார்வைப் பதவிகளுக்கு நடக்கும் புதிய நியமனங்களுக்கும் அதே அளவு. சில பதவிகளுக்கு மொழி தெரியாதவரையும் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுக்குள் தகுதி பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு நியமிக்கலாம். முழுநேரப் பயிற்சிக்குப் பலர் வருவது இந்த வழியில்தான். தலைக்கு மேல் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தவறினால் வேறு பதவிக்கு மாற்றம்.

பேச்சுத் தேர்வில் 'சி' வாங்க வேண்டும் என்றால் உறுதியான செய்திகளைச் சொன்னால் மட்டும் போதாது. நடக்காததைக் கற்பனை செய்து பேச வேண்டும். கருத்தைத் தற்காக்க வேண்டும். நுணுக்கம் காட்ட வேண்டும். 'நீங்கள் அந்த மேலாளர் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?' என்ற வகைக் கேள்வி வரும். தமிழில் நாம் 'இருந்திருந்தால்', 'செய்திருப்பேன்' என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவோம். பிரெஞ்சில் அதற்கு இரண்டு வினைவடிவங்களைச் சரியாகக் கோக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் எது என்று தடுமாறாத ஆங்கிலக்காரர் அரிது. எனவே வகுப்பு என்ன ஆகிறது? கடைசி இரண்டு மாதம் இந்த ஒரு வாக்கிய அமைப்பே திரும்பத் திரும்ப. வேலையில் வந்த ஒரு சிக்கல், அதை எப்படித் தீர்த்தேன், வேறு விதமாகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான்கைந்து கதைகளை மாணவர் தயாரித்து மனப்பாடம் செய்கிறார். ஆசிரியர் அந்தக் கதைகளை மெருகேற்றுகிறார். தேர்வில் கேள்வி எதுவானாலும் அந்தக் கதைக்குள் கொண்டுபோய்விடும் வித்தையும் பழக்கப்படுகிறது.

ஆசிரியர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் அரசே பள்ளி நடத்தியது. தொடக்கத்தில் பிரான்ஸிலிருந்து வந்த படச்சுருள், ஒலிநாடா முறையில் பாரிஸ் வாழ்க்கையை வைத்துக் கற்பித்தார்கள். ஒட்டாவா எழுத்தருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி எழுந்தபோது, 1970களில் 'டியலோக் கனடா' என்று தங்களுக்கென்றே ஒரு பாடத்திட்டத்தை உருவாக்கினார்கள். பிழை தெரிந்ததும் திருத்திக்கொள்ளும் திறன் அந்தப் பள்ளிக்கு இருந்தது. 2004இல் பொறுப்பு பொதுச்சேவை ஆணையத்திடமிருந்து கனடா பொதுச்சேவைப் பள்ளிக்குப் போனது. பிறகு படிப்படியாக ஒவ்வொரு துறையும் தனியார் பள்ளிகளிடமிருந்து வகுப்பை விலைக்கு வாங்கும் நிலை வந்தது. விலைக்கு வாங்குபவர் கேட்பது தேர்ச்சி முடிவு. விற்பவர் தருவதும் அதுவே. மொழி அந்தப் பேரத்தில் எங்கோ பின்வரிசையில் நிற்கிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை தேர்வுக்குப் பிறகு. பெற்ற முடிவு ஐந்து ஆண்டு செல்லும். ஆனால் அதே பதவியில் தொடர்ந்தால் மறுபடி எழுதத் தேவையில்லை. ஒரே நாற்காலியில் பத்து ஆண்டு இருந்தவர், பத்து ஆண்டுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் பேசிய பிரெஞ்சை வைத்துக்கொண்டே இருமொழி அலுவலராக எண்ணப்படுவார். தகுதியுள்ள ஊழியருக்கு ஆண்டுக்கு 800 டாலர் இருமொழி ஊக்கத்தொகையும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் வைத்த அந்தத் தொகை இன்றும் அதே 800தான். அன்றைக்கு அது ஒரு மதிப்பு. இன்றைக்கு மாதம் 67 டாலர்கூட இல்லை. 2017இல் போர்பி, மென்டல்சன் என்ற இரு மூத்த அலுவலர்கள் அளித்த அறிக்கை, அந்தத் தொகையை நிறுத்தி அப்பணத்தைப் பயிற்சி நிதியாக மாற்றலாம் என்றது. நல்ல யோசனை என்றே கருதுகிறேன்.

பயிற்சி முடித்தவர் அலுவலகத்துக்குத் திரும்பும் முதல் நாளை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரச் சக ஊழியரிடம் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் தொடங்குகிறார். அவர் ஆண்டுக்கணக்காக ஆங்கிலத்தில் வேலை செய்து பழகியவர். இவர் சொல் தேடுவதைப் பார்த்ததும், நல்ல மனத்தோடுதான், ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். இரண்டு வாரம் இப்படிப் போனால் போதும்; எட்டு மாதம் கட்டியது கரையத் தொடங்கிவிடும். 1976இலேயே மொன்றியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழில் பிபோ இந்தப் பயிற்சித் திட்டத்தை ஆராய்ந்து, பயிற்சி பெற்றவர்கள் திரும்பிப் போகும் இடத்தில் அம்மொழி புழங்காததைச் சுட்டிக்காட்டிவிட்டார். ஐம்பது ஆண்டாகியும் அந்தக் குறை தீர்ந்தபாடில்லை.

மறதியைப் பற்றி ஹாரி பாரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானியம் படித்த 733 பேரை, படித்து முடித்து ஐம்பது ஆண்டு வரை ஆனவர்களை, அவர் சோதித்தார். முதல் சில ஆண்டுகளில் மறதி வேகமாக நடக்கிறது. அதன் பிறகு எஞ்சியது இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு அநேகமாக அசையாமல் நிற்கிறது. எவ்வளவு எஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது முதலில் எவ்வளவு ஆழமாகக் கற்றார் என்பது. இந்த ஆய்வு இரு தரப்புக்கும் பதில் சொல்கிறது. ஆழமாகக் கற்பிக்கும் முழுநேரப் பயிற்சி வீண் இல்லை. ஆனால் பயிற்சி முடிந்து வரும் முதல் மூன்று ஆண்டுகள்தாம் உயிர்நாடி; அப்போது கைவிட்டால் போட்டதில் பெரும்பகுதி போய்விடும். நடைமுறையில் அரசு கைவிடுவது சரியாக அந்தக் கட்டத்தில்தான்.

இனி, யாருக்கு இது கிடைக்கிறது? முழுநேரப் பயிற்சிக்கு அனுமதி தருவது அவரவர் துறை. பணம் இருக்கிறதா, மேலாளருக்கு ஆளை விட மனம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. உயர்பதவிக்குத் தேர்வானவருக்கு முதல் இடம். கீழ்நிலையில் இருபத்தெட்டு வயதில், நாக்கு இன்னும் வளையும் பருவத்தில் கேட்பவருக்கு மாலை வகுப்பு. கனடாத் தமிழருக்கு இதில் தனிச் சுமை ஒன்று இருக்கிறது. தமிழை வீட்டில் காப்பாற்றி, ஆங்கிலத்தைப் பள்ளியில் வென்று, அரசு வேலைக்கு வந்தபின் மூன்றாவதாக ஒரு மொழி இல்லாமல் மேலே போக முடியாது என்று கேட்கும்போது மனம் சோர்வது இயல்பு. 2021 கணக்கெடுப்பின்படி ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் பேசத் தெரிந்தவர்கள் நாடு முழுவதும் 18 விழுக்காடு; கியூபெக்குக்கு வெளியே 9.5 விழுக்காடுதான். ஒன்டாரியோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அந்த 9.5க்குள் வருவது பெற்றோர் சிறுவயதிலேயே, பாடங்களையே பிரெஞ்சில் நடத்தும் மூழ்குகல்விப் பள்ளிக்கு அனுப்பினார்களா என்பதைப் பொறுத்தது. பயிற்சியை நிறுத்தினால், உயர்பதவிகள் ஏற்கெனவே இரண்டு மொழியும் வாய்த்த வீடுகளுக்குள்ளேயே சுற்றும். தனிப் பயிற்சியை நான் ஆதரிப்பதற்கான மிக வலுவான காரணம் இது.

இந்த இடத்தில் கோடீஸ்வரன் வழக்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இலங்கையில் 1956ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு, சிங்களத் தேர்ச்சி பெறாத அரசு ஊழியருக்குச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. தமிழ் எழுத்தரான செ. கோடீஸ்வரன் அந்த உயர்வுக்காக வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அந்தச் சட்டமே அரசமைப்புக்கு முரண் என்றது. உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குப் போடவே முடியாது என்று சொல்லி அதைத் தள்ளியது. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், போடலாம் என்றது. மொழிச்சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியைத் தீர்க்காமல் வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1972இல் புதிய அரசமைப்பு வந்து அந்தக் கேள்வியையே மூடிவிட்டது. அங்கே அதிகாரத்தில் இருந்த பெரும்பான்மையின் மொழியைச் சிறுபான்மை ஊழியர் கற்க வேண்டும். கற்காதவரின் சம்பளத்தில் கை வைக்கப்பட்டது. கனடாவில் பெரும்பான்மை மொழிக்கார மேலாளர் சிறுபான்மை மொழியைக் கற்கிறார். அதற்கு அவருடைய வேலைநேரத்தையே அரசு விட்டுக்கொடுக்கிறது. மொழியைச் சட்டத்தால் கேட்கும் அரசு அதைக் கற்கும் நேரத்தையும் தர வேண்டும் என்பதை ஒரு தமிழரிடம் நீட்டி விளக்கத் தேவையில்லை. இலங்கையும் 1987இன் 13ஆம் திருத்தத்தில் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கி, 2007 சுற்றறிக்கை வழியாகப் புதிதாகச் சேரும் அரசு அலுவலர் இரண்டாம் ஆட்சிமொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதித்தது. விதி வந்துவிட்டது. முழுநேரமாக விட்டுக்கொடுக்கும் மனம் வந்ததா என்பதைத் தமிழில் விண்ணப்பம் கொண்டுபோகிறவர்கள் ஒவ்வொரு நாளும் கவுன்டரில் அறிகிறார்கள்.

பயிற்சியே வேண்டாம், பணத்தைப் பள்ளிப் பிள்ளைகளிடம் போடுங்கள் என்ற வாதம் தட்டிக்கழிக்கக் கூடியது அல்ல. கனடாவின் முதல் ஆட்சிமொழிகள் ஆணையர் கீத் ஸ்பைசரே 1970களின் நடுவில், நடுவயது ஊழியருக்குக் கொட்டும் பணத்தை இளையோர் பக்கம் திருப்பச் சொன்னார். 1965இல் மொன்றியலுக்கு எதிர்க்கரையில் உள்ள செயின்ட் லம்பர்ட்டில் சில ஆங்கிலப் பெற்றோர் பிடிவாதமாக நின்று தொடங்கவைத்த மழலையர் வகுப்பிலிருந்து மூழ்குகல்வி நாடெங்கும் பரவியது. ஸ்பைசரின் பேச்சு அந்த இயக்கத்துக்குப் பலம் கொடுத்தது. அவர் சரியாகவே சொன்னார். ஆனால் அதை முழு மாற்றாக எடுத்தவர்கள் கணக்கில் தவறினார்கள். மூழ்குகல்வி தொடங்கி அறுபது ஆண்டான பிறகும் கியூபெக்குக்கு வெளியே அந்த 9.5 விழுக்காடு பெரிதாக அசையவில்லை. புலம்பெயர்ந்து பெரியவர்களாக வந்தவர்களுக்குப் பள்ளி வழி அடைபட்டே இருக்கிறது. இரண்டும் வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. முழுநேரத் தனிப் பயிற்சி தகும்; ஆனால் இப்போது நடக்கும் வடிவில் அதன் பெறுமதியில் பெரும்பகுதி சிந்திப்போகிறது. பதவி கிடைத்தபின் கொடுக்கும் மருந்தாக அதை வைத்திருப்பதை விட்டு, பதவிக்கு முன்னால், முப்பது வயதுக்காரருக்குக் கொடுக்க வேண்டும். மொத்தக் காலத்தில் முதல் மூன்றில் இரண்டு பங்கு அறைக்குள் போகட்டும். கடைசிப் பங்கைக் கியூபெக் நகரிலோ காட்டினோவிலோ பிரெஞ்சே புழங்கும் ஓர் அரசு அலுவலகத்தில் உண்மையான கோப்புகளோடு கழிக்கட்டும். ஆசிரியர் ஒருவராகவே இருக்க வேண்டாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குரல் மாறட்டும். தேர்வு முடிவைப் பதவியோடு ஒட்டிவைக்காமல் மூன்றாம் ஆண்டில் மறுபடி பேசச் சொல்ல வேண்டும். அதுவரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பராமரிப்பு வகுப்பு வேலைநேரத்திலேயே தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்ச்சி எண்ணிக்கையைத் துறையின் ஆண்டறிக்கையில் போடுவதோடு நிறுத்தாமல், அந்த மேலாளரின்கீழ் வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கடந்த மாதம் எத்தனை குறிப்புகளை உங்கள் மொழியில் எழுதினீர்கள்?

அந்த அக்கா இரண்டாம் முறையில் 'சி' வாங்கினார். திரும்பிப் போன முதல் வாரமே, தன் பிரிவில் இருந்த மொன்றியல் பையனைக் கூப்பிட்டு, தன்னிடம் பிரெஞ்சில் மட்டுமே பேச வேண்டும், தான் திணறினாலும் ஆங்கிலத்துக்கு மாறக் கூடாது, பிழையைத் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். துறையில் யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்தப் பையன் வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டு. அதுவரை ஒரு குறிப்பைக்கூடத் தன் மொழியில் எழுதி மேலே அனுப்பியதில்லை. இரண்டு வாரம் கழித்து ஒன்றரைப் பக்கத்தில் ஒன்று அனுப்பினான். அதைப் படித்து முடிக்க அக்காவுக்கு மதியச் சாப்பாடு வரை ஆனது. பதிலை அவரும் பிரெஞ்சிலேயே எழுதினார். நான்கு இடத்தில் சிவப்பு மையில் திருத்தி, அவன் அதைத் திருப்பி அனுப்பியிருந்தான்.